இதை ‘உதவி’ என்று எழுத வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவநிலை மாநாடு நடக்கும்போதெல்லாம் ‘ஏழை நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் நிதியுதவி’ என்ற தலைப்பைத் தங்கள் இதழிலும் பிற இதழ்களிலும் பார்க்கிறேன். அந்த ‘உதவி’ என்ற சொல்லைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

2022-இல் பாகிஸ்தானில் பெருகிய வெள்ளத்தில் 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டனர். சேதமும் இழப்பும் சேர்ந்து 3,000 கோடி டாலரைத் தாண்டியது. புவியைச் சூடாக்கும் வாயுக்களை வெளியேற்றுவதில் அந்நாட்டின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அடுத்த ஜனவரியில் ஜெனீவாவில் கூடிய நாடுகளும் வங்கிகளும் 900 கோடி டாலருக்கு மேல் தருவதாக வாக்களித்தன. அதில் மிகப் பெரும்பகுதி திட்டக் கடன் என்று பாகிஸ்தானின் நிதியமைச்சரே பின்னர் தெரிவித்தார். பிறர் விட்ட புகையால் கூடுதலாகப் பெய்த மழைக்கு, நனைந்தவரே வட்டி கட்ட வேண்டுமாம்.

பேரிடருக்குப் பின் கிடைக்கும் கடன் எப்படிப்பட்டது என்பதை நான் அறிவேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது, என் தோப்பில் 140 தென்னைகளில் ஒன்பதுதான் நின்றன. (அந்தப் புயலைப் பருவநிலை மாற்றத்தோடு நேராக முடிச்சுப் போட நான் முற்படவில்லை.) மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு கொடுத்த நிவாரணம், விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவும் தூரைத் தோண்டவும் சரியாகப் போயிற்று. கன்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் வங்கிக் கடன்தான் வாங்கினேன். நெட்டை ரகக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். தவணையோ அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. முதல் பாளை வெடிப்பதற்கு முன்பே வீட்டு நகை வட்டிக்குப் போய்விட்டது. ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த இந்த நிலைதான் இன்று பல நாடுகளுக்கு நேர்கிறது.

இந்தக் கோரிக்கை புதிதன்று. கடல் மட்ட உயர்வால் வரும் இழப்பை ஈடுகட்ட ஒரு சர்வதேசக் காப்பீட்டு ஏற்பாடு வேண்டும் என்று சிறு தீவு நாடுகளின் சார்பில் பசிபிக் தீவு நாடான வனுவாட்டு 1991-லேயே முன்மொழிந்தது. ‘பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்’ (கடமை எல்லோருக்கும் உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவல்ல) என்ற கொள்கையை மறு ஆண்டே ரியோ டி ஜெனிரோவில் எல்லா நாடுகளும் ஏற்றன. ஆனால் 2015-இல் பருவநிலைக்கான பாரிஸ் ஒப்பந்தம் நிறைவேறியபோது, இழப்பையும் சேதத்தையும் பற்றிய 8-ஆவது பிரிவு சட்டப் பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படையாகாது என்று, உடன் நிறைவேற்றிய தீர்மானத்தின் 51-ஆவது பத்தியில் எழுதி வைத்தார்கள். ‘இழப்பீடு’ என்ற சொல்லுக்கு அவ்வளவு அஞ்சினார்கள். 2022-இல் எகிப்தின் ஷர்ம் அல்-ஷேக் மாநாட்டில் ஒப்புக்கொண்ட இழப்பு-சேத நிதியத்துக்கு மறு ஆண்டு துபாய் மாநாட்டில் அறிவித்த தொகை ஏறத்தாழ 70 கோடி டாலர். பாகிஸ்தானின் ஒரே வெள்ளத்தோடு ஒப்பிட்டாலே அதன் அளவு விளங்கும்.

பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் தொடங்கி வைத்து, வனுவாட்டு ஐ.நா. வரை கொண்டுசென்ற முயற்சியின் பயனாக, 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை வழங்கியது. பருவநிலையைக் காக்கும் கடமையில் தவறுவது சட்ட மீறலாகலாம் என்றும், அதற்கும் நேர்ந்த கேட்டுக்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டால் இழப்பீடு உட்பட முழுப் பரிகாரம் கோரலாம் என்றும் அது கூறியது. அக்கருத்து எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தாதுதான். ஆனாலும் பாரிஸில் அழித்த சொல் திரும்ப வந்துவிட்டது.

ஆண்டு வெளியேற்றத்தில் உலகின் மூன்றாமிடத்தில் இருக்கும் நம் நாட்டுக்கும் கடமை உண்டு என்பதை மறுக்கவில்லை. எனினும் தலைக்குக் கணக்கிட்டால் உலகச் சராசரியில் பாதியைக்கூட நாம் எட்டவில்லை. அந்த வேறுபாட்டையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

வளரும் நாடுகளுக்காக 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டுவது என்று 2024-இல் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த மாநாட்டில் முடிவானபோதும், அதில் எத்தனை பங்கு மானியம் என்று வரையறுக்கவில்லை. இனி இத்தகைய அறிவிப்பு வரும்போது, திருப்பித் தர வேண்டாத தொகை எவ்வளவு, வட்டியோடு திருப்ப வேண்டிய தொகை எவ்வளவு என்று தனித்தனியே தங்கள் இதழ் அச்சிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி,
பேராவூரணி வட்டம்.