மௌல்மீன் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி தேவலையா? ரங்கூனில் கரண்ட் வருகிற நேரம்தான் எங்களுக்குப் பகல். ராத்திரி ஒரு மணிக்கு வந்தாலும் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டில் திட்டு விழுகிறது.

கோயில் கணக்கையும் நோட்டீசையும் தமிழில் வைத்துக்கொள்ள என்ன வழி என்று கேட்டிருந்தாய். முதலில் என் கூத்தைக் கேள். போன பங்குனி உத்திர நோட்டீசை வழக்கம்போல பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து, பெண்டிரைவில் போட்டு அச்சுக்கடைக்குக் கொடுத்தனுப்பினேன். அந்தக் கடை மெஷினில் பாமினி எழுத்துரு இல்லை. கடைப் பையன் பர்மாக்காரன், தமிழ் தெரியாது. திரையில் தெரிந்ததை ஏதோ ஒரு பாஷை என்று நினைத்து 200 தாள் அடித்துவிட்டான். 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! அம்மனைக் கும்பிடவா, ஆங்கிலத்தைக் கும்பிடவா?

பாமினியில் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ் வேஷம். எழுத்துரு இல்லாத மெஷினில் வேஷம் கலைந்துவிடும். நம் ஊர்ப் பர்மிய எழுத்துரு ஸோஜி கதை தெரியுமே. 2019 அக்டோபர் 1-ல், எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறச் சொன்னபோது பிள்ளைகள் போனை வைத்துக்கொண்டு எவ்வளவு அல்லாடினார்கள்! ஸோஜி இன்னும் பொல்லாதது. யூனிகோடில் பர்மிய எழுத்துக்கு ஒதுக்கிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு வேறு கணக்கில் அடுக்கும். பாமினிக் கோளாறாவது கண்ணில் படுகிறது.

நீ செய்ய வேண்டியது இது. என்எச்எம் ரைட்டர் என்று தமிழில் தட்டச்சு செய்யும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஏற்றி, பாமினி விசைப்பலகையைத் தேர்ந்தெடு. விரல் பழையபடியே ஓடும், உள்ளே யூனிகோடாகப் பதியும். நம் வயதுக்கு அதுவே போதும். பேத்திக்கு மட்டும் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கிவிடு. அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, 'அம்மா' வந்துவிடும். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால், அதன் ஆப்ஷன்ஸில் தமிழ்99 இருக்கும். மொழி மாற்ற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டச் சொல்.

பழைய பாமினி ஃபைல்களை யூனிகோடாக மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர். இதில்தான் நான் ஒருமுறை மாட்டினேன். நன்கொடைப் பட்டியலில் நடுநடுவே இருந்த ஆங்கிலப் பெயர்களையும் பாமினி என்று எண்ணித் தமிழாக்கிவிட்டது. ஒரு நன்கொடையாளர் பெயரை வாயால் சொல்லவே முடியவில்லை. அதனால் நகல் எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடு. அசல் ஃபைலை அழிக்காதே. இன்வெர்ட்டரில் சார்ஜ் இல்லாமல் எதையும் இன்ஸ்டால் பண்ணவும் வேண்டாம்.

உன் மெஷின் விண்டோஸ் 10 என்றாய். அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. கணக்கு இருக்கிற மெஷினில் கண்டவன் பெண்டிரைவைச் செருக விடாதே. அச்சுக்குக் கொடுப்பதை மட்டும் பிடிஎஃப் ஆக்கிக் கொடு. எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடும், கடையில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். தாளைத் திருப்பிப் பார். அந்த 200-ல் ஒன்றின் முதுகில்தான் எழுதியிருக்கிறேன். இன்னும் 150 மிச்சம் இருக்கிறது, அடிக்கடி கடிதம் வரும்.

உன்,
ரங்கூன் மாப்பிள்ளை