அந்தச் சங்குக்குச் சாகோஸ் தீவு மக்கள் வைத்திருந்த பெயர் என்ன?

மொரீஷியஸ் அஞ்சல் துறையினருக்கு,

வணக்கம். என் ஆல்பத்தில் 1974-இல் வெளியான நான்கு தபால்தலைகள் இருக்கின்றன. 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' வெளியிட்டவை; நான்கிலும் கடற்சங்குகள். 75 சென்ட் தலையில் டர்போ மார்மரேட்டஸ். உள்ளே முத்தின் மினுமினுப்புக் கொண்ட பெரிய சங்கு அது. அதை அறுத்துச் சட்டைப் பொத்தான் செய்த காலம் உண்டு. இடுக்கியால் திருப்பிப் பார்த்தால் பின்புறத்துப் பசை அப்படியே இருக்கிறது.

நாக்கில் நனைத்து ஒட்ட, அந்தப் பிரதேசத்தின் சாகோஸ் தீவுகளில் யார் இருந்தார்கள்? அமெரிக்க இராணுவத் தளத்துக்காக அவற்றில் பெரிய தீவான டியேகோ கார்சியாவை 1971-இல் காலி செய்தார்கள். வளர்ப்பு நாய்களைக்கூடக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்துப் புகையால் கொன்றார்கள். 1973-இல் பெரோஸ் பன்யோஸ் தீவுகளிலிருந்து கடைசிக் குடும்பங்களும் கப்பலேற்றப்பட்டன. மறுவருடமே இந்தச் சங்குகள்! அச்சு அழகு என்பதை மறுக்கவில்லை, அதுதான் எரிச்சல்.

2021-இல் உலக அஞ்சல் ஒன்றியம் அந்தப் பிரதேசத்தின் தலைகள் செல்லாது என்று முடிவெடுத்தது. இனிச் சாகோஸின் பெயரில் தலை அச்சிடும் பொறுப்பு உங்களுடையது. நீங்களும் சங்கையே போடுங்கள். ஆனால் பெயரை லத்தீனோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கள் இராமேஸ்வரம் பக்கம் 'ஐவிரல் சங்கு' என்றால் பார்க்காமலே உருவம் கண்ணுக்குத் தெரியும். தினமும் அந்தக் கடலில் இறங்கியவர்களும் தங்கள் கிரியோல் மொழியில் ஏதோவொன்று சொல்லித்தானே கூப்பிட்டிருப்பார்கள்?

கேட்க வெகுதூரம் போக வேண்டாம். ஒன்றரை ரூபாய்த் தலையிலுள்ள சங்குக்குப் பழைய பேரினப்பெயர் 'காசிஸ்'. அந்த மக்கள் வந்து ஒண்டிய உங்கள் தலைநகர் போர்ட் லூயிஸின் பகுதிகளில் ஒன்றும் அதே எழுத்துகளில் எழுதப்படும் காசிஸ்தான். சங்குப் படத்தை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். பெயரையும், அதைச் சமைத்தார்களா, ஊதினார்களா, குழந்தைக்கு விளையாடக் கொடுத்தார்களா என்பதையும் கேளுங்கள்.

ரூபாய் நோட்டில் தமிழ் வரியின் இடம் மாறியதென்று, 1998-இல் வெளியிட்ட நோட்டுகளையே திரும்பப் பெற்ற நாடு உங்களுடையது. ஒரு சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதன் வலி உங்களுக்குத் தெரியும். சாகோஸ் கிரியோலுக்கு அந்தச் சிறு தாளில் ஒரு வரி போதும், முதல் வரியாக.

சீக்கிரம் கேளுங்கள். 1973-இல் இருபது வயதில் கப்பலேறியவருக்கு இப்போது எழுபதுக்கு மேல்.

அன்புடன்,
ஒரு தபால்தலைச் சேகரிப்பாளர்