கொடைக்கு ஜெனரேட்டர் வேண்டாம்னா சாமி கோவிச்சுக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி பொறக்கப்போவுது, எங்க நாங்குநேரி தாலுகா பக்கம் ஊர் ஊருக்கு கொடைக்கு, அதான் அம்மன் கோயில் திருவிழாவுக்கு, வரி பிரிக்க ஆரம்பிச்சிருவாவ, அதுக்கு முன்னாடி இது பேப்பர்ல வந்துட்டா நல்லா இருக்கும்னுதான் எழுதுறேன். வெயில் கூடுது, மழை தப்புதுன்னு நீங்களும் டெய்லி போடுறீங்க, நாங்களும் படிச்சிட்டு கவர்மெண்ட் ஏதாவது செய்யணும்னு சொல்லிட்டு பேப்பர மடிச்சு வச்சிருறோம்.

போன கொடை கணக்கு நோட்டு எங்க வீட்டுலதான் கெடந்துச்சு. சும்மா புரட்டுனேன், ஜெனரேட்டருக்கு டீசல் மட்டும் 210 லிட்டர்னு எழுதியிருக்கு, மூணு நாளைக்கு! காலேஜ் படிக்குற மக கிட்ட கேட்டேன், ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா ரெண்டரை கிலோவுக்கு மேல கரியமில வாயு வரும்மான்னா. கூட்டிப்பாத்தா அரை டன்னுக்கு மேல போவுது. நம்ம நாட்டுல ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு சராசரியே ரெண்டு டன்னு பக்கந்தானாம், அப்போ ஒரு ஆளு மூணு மாசம் விடுறத நாங்க மூணு ராத்திரியில விட்டுருக்கோம். இதுல வேடிக்கை என்னன்னா அதே ஆடி மாசந்தான் பணகுடி, ராதாபுரம் பக்கம் காத்தாடியெல்லாம் நிக்காம சுத்துது, கரண்ட் கொட்டுற சீசனே அதுதான், நாங்க அது சுத்துறத பாத்துக்கிட்டே டீசல ஊத்திக்கிட்டு இருக்கோம்.

எல்லாம் அந்த லைட் போர்டுக்குத்தான். பக்கத்து ஊர்ல அறுபதடில அம்மன் கண்ண சிமிட்டுது, நம்ம ஊரு மட்டும் இருட்டுல கெடக்கணுமான்னு எங்க பெரிய மாமா கேக்காவ. வில்லுப்பாட்டு நடுவுல கரண்ட் போச்சுன்னா என்ன செய்யன்னு இன்னொருத்தரு. எங்க தாத்தா காலத்துல பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல விடிய விடிய பாடுனாவ, சாமி வந்து ஆடத்தானே செஞ்சுது? மைக்குக்கு மட்டும் ஒரு பேட்டரி வச்சுக்கிட்டு மத்ததுக்கு தற்காலிக கனெக்சன் வாங்கிக்கலாம்னுதான் நான் சொல்லுறேன்.

மாறவே மாட்டாவன்னு நெனைக்காதீங்க. 2023 டிசம்பர் 17, 18 மழைய யாரும் மறந்திருக்க மாட்டீங்க, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நின்னு போச்சு. எங்க குளத்து மறுகால்ல தண்ணி வெளியேற முடியாம நின்னுச்சு, ஆம்பளைய இறங்கி அள்ளுனா பூரா தண்ணி பாட்டில், அந்த சின்ன பாட்டில், கொடைக்கு வந்த சனம் நாலு மடக்கு குடிச்சிட்டு வீசுனது. அடுத்த ஆடிக்கு பாட்டில் வாங்கல. காருகுறிச்சில இருந்து பெரிய பானை எட்டு வாங்கி வேப்ப மரத்தடியில மணல் கொட்டி வச்சோம், ரெண்டுல கருப்பட்டி பானக்காரம்.

அங்கதான் ஒரு சண்டை. பானை சரி, டம்ளர யாரு கழுவ? எல்லாரும் எங்க பக்கம் திரும்பி பாத்தாவ. பூமி சூடாகுதுன்னு சொன்னாலும் கடைசில பொம்பளைய கையில பாத்திரம் தேய்க்குற சபீனா பவுடர்தான் வருது! துணிக்கடைக்கு மஞ்சப்பைய ஞாபகமா எடுக்குறதும் நாங்க, குப்பைய பிரிச்சு வைக்குறதும் நாங்க. எங்க மைனி ஒரு சத்தம் போட்டாவ பாருங்க, குடிச்சவன் கழுவட்டும்னு. பனையோலை பட்டை மடிக்க தெரிஞ்ச தாத்தா ஒருத்தர் இருந்தாவ, பசங்க நாலு பேர உக்கார வச்சு கத்துக்குடுத்தாவ, குடிச்சிட்டு போட்டா மாடு தின்னுரும். பாதி பேரு பட்டையில குடிச்சாவ, பாதி பேரு தொட்டியில டம்ளர முக்கி வச்சாவ, கோணல் மாணலா ஓடிச்சு, ஆனா ஓடிச்சு.

வேட்டு பத்தி நான் இன்னும் வாயத் தொறக்கல, ஒரே நேரத்துல எல்லாத்தையும் கேட்டா ஊர விட்டு தள்ளி வச்சிருவாவ. ஆனா பறவைக சரணாலயம் இருக்குற கூந்தன்குளம் எங்களுக்கு கிட்டத்துலதான் இருக்கு, எங்கிருந்தோ வார நாரையும் கூழைக்கடாவும் பயந்துரும்னு தீபாவளிக்கே வெடி போடாத ஊரு அது. ராம்சார்ங்குற உலக ஈரநில பட்டியல்ல சேத்ததா 2022ல அறிவிச்சாவ, அந்த சனம் அதுக்கு எவ்வளவோ காலம் முன்னாடியே வெடிய விட்டுட்டாவ.

பாட்டில நிறுத்துனதால உலகம் குளுந்துராதுன்னு எனக்கும் தெரியும். ஏசி, சிமெண்ட், காருன்னு பெரிய கணக்கு வேற இருக்கு, எங்க வீட்டு மாடியிலயும் போன சித்திரைல ஏசி மாட்டிட்டாவ, மறைக்க என்ன இருக்கு.

வர ஞாயித்துக்கிழமை வரி கூட்டம். வழக்கமா தலைக்கட்டுக்கு ஒரு ஆம்பளதான் போவாவ, நான் டீசல் கணக்க சீட்டுல எழுதி எங்க வீட்டுக்காரவுக சட்டப்பையில வச்சுவிட்டா போதும்னு இருந்தேன். அவுக அத வாசிக்காமலே திரும்பி வந்துருவாவன்னு மக சொல்லுறா. அதனால இந்த தடவ நானும் மைனியும் நோட்டோட போறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
நாங்குநேரி தாலுகா.