உப்புநீரை இழுத்த 62 பேருக்கு

அன்புடையீர்,

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது சிஎஃப்டிஆர் என்ற மரபணுவின் பிழையால் நுரையீரலில் சளி இறுகும் பரம்பரை நோய். அந்த நோயாளிகளின் நுரையீரலுக்குள் நல்ல சிஎஃப்டிஆர் மரபணுவைச் சேர்க்க முயன்ற பிரிட்டன் ஆய்வில், 2012 ஜூன் தொடங்கி ஓராண்டில் 140 பேர் சேர்ந்தீர்கள். 78 பேருக்கு மருந்து, ஒப்பிட்டுப் பார்க்க 62 பேருக்கு 0.9 சதவீத உப்புநீர். மாதம் ஒருமுறை லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனைக்கோ எடின்பரோ வெஸ்டர்ன் ஜெனரல் மருத்துவமனைக்கோ வந்து, திரவத்தை நுண்துளியாக்கும் நெபுலைசரில் 5 மில்லியை இழுத்துவிட்டுப் போனீர்கள். 116 பேர் ஒன்பது தவணைக்குக் குறையாமல் முடித்தீர்கள். நுரையீரல் மருந்தேற்றத்தில் வேலை செய்கிற எங்களுக்கு அது எவ்வளவு உதவியது என்பதைச் சொல்லவே இந்த மடல்.

மருந்தின் 5 மில்லிக்குள், மரபணுவைச் சுமக்கும் வளைய டிஎன்ஏவான பிளாஸ்மிட் 13.3 மில்லிகிராமும், லிப்பிட் என்ற கொழுப்புப் பொருள்களின் கலவை 75 மில்லிகிராமும் இருந்தன. வெறும் டிஎன்ஏவை ஜெட் நெபுலைசரில் ஊற்றினால் திரவம் நுண்துளை வழியே திரும்பத் திரும்பச் சீறிப் பாய்வதில் அந்த நீண்ட வளையம் அறுந்துபோகும். நேர்மின்னேற்ற லிப்பிட் அதைச் சுருட்டிப் பொட்டலமாக்கினால் தாங்கும். ஆனால் பொட்டலங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்துவிடவும் கூடும். நேர்மின்னேற்ற ஜிஎல்67, துணை லிப்பிடான டோப், பெக் என்ற பாலிமர் சேர்த்த லிப்பிட் மூன்றும் 1:2:0.05 மோல் விகிதத்தில் இருந்ததற்குக் காரணம் இதுதான். கட்டி தட்டாமல் காப்பது கடைசியில் உள்ள அந்தச் சிட்டிகைதான்.

துளி 1 முதல் 5 மைக்ரான் வரை இருக்க வேண்டும். பெரியது தொண்டையிலேயே படியும், மிகச் சிறியதில் பெரும்பகுதி மூச்சோடு வெளியே போய்விடும். உள்ளே போன பிறகும் தொல்லை தீராது. செத்த வெள்ளணுக்களின் டிஎன்ஏவால் இறுகிய சளி பொட்டலத்தைப் பிடித்துக்கொள்ளும். சளி அடைத்த கிளைக்குக் காற்றே போகாது, மருந்து எப்படிப் போகும்? அதிகம் தேவைப்படும் இடத்துக்குக் குறைவாகவே சேர்கிறது.

1999இல் வெளியான முந்தைய ஆய்வில் மருந்தை இழுத்துக் காய்ச்சலும் உடல்வலியும் கண்டவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். பாக்டீரியாவில் வளர்த்த பிளாஸ்மிடின் சிபிஜி பகுதிகளை (பாக்டீரியா டிஎன்ஏவில் மலிந்த ஓர் எழுத்து ஜோடி) நம் உடல், கிருமி என்றே எண்ணிச் சீறுகிறது. உங்கள் ஆய்வின் பிளாஸ்மிடில் சிபிஜி ஒன்றுகூட இல்லை. (மருந்தை முன்பு சோதித்த எடின்பரோ செம்மறியாடுகளுக்கும் நன்றி, அவற்றின் நுரையீரல் அளவில் நம்முடையதை ஒத்தது.)

இனி அந்த 62 பேருக்கு. ஒன்பது தவணைக்குக் குறையாமல் முடித்தவர்களை ஓராண்டு முடிவில் பார்த்தால், ஒரு நொடியில் ஊதித்தள்ளும் காற்றின் அளவு மருந்து பெற்றவர்களுக்கு 0.4 சதவீதம் குறைந்திருந்தது. அதை மட்டும் பார்த்திருந்தால் மருந்து உதவவில்லை என்று மூடி வைத்திருப்போம். உப்புநீர் பெற்ற உங்களுக்கோ 4.0 சதவீதம் சரிந்திருந்தது. புள்ளியியல் முறையில் சரிக்கட்டிக் கணக்கிட்ட வித்தியாசம் 3.7 சதவீதம்; உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சைச் சொல்லும் 95 சதவீத நம்பக எல்லை 0.1 முதல் 7.3 வரை. பூச்சியத்திலிருந்து மயிரிழையில் தப்பிய எண் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் மரபணு மருந்து நுரையீரலின் சரிவைத் தடுக்கக்கூடும் என்று முதன்முதலாகக் காட்டியது அந்த எண். அதைச் சாத்தியமாக்கியது உங்கள் சரிவு.

அந்தப் பொட்டலம் போதவில்லை. அதே ஆய்வுக் கூட்டமைப்பு பிறகு மூச்சுக்குழாய் செல்களுக்குள் மரபணுவைக் கொண்டுசெல்ல, சென்டை வைரஸின் மேலுறைப் புரதங்கள் போர்த்திய லென்டிவைரஸ் என்ற வைரஸ் வகைக்கு மாறியது. இந்நோய்க்கான இன்றைய மாத்திரைகள், அந்த மரபணு உருவாக்கி ஏற்கெனவே இருக்கிற புரதத்தைச் சீர்செய்பவை. புரதமே உருவாகாத மரபுப்பிழை உள்ளவர்களுக்கு அவை உதவாது. அவர்களுக்கான அடுத்த மருந்தின் அளவையும் கால இடைவெளியையும் வகுக்கும்போது உங்கள் பன்னிரண்டு மாதக் கணக்கு எங்கள் மேசையில் இருக்கிறது.

நன்றியுடன்,
நுரையீரல் மருந்தேற்றப் பணியில் இருப்போர்