அளவு தெரியாமல் வாங்கிய வளையல்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நான் ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு முறை கூப்பிட்டேன், மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னாய். சரி, வேலை இருக்கும். போனில் எனக்கும் பேச்சு வருவதில்லை. ‘சாப்பிட்டியா’ என்று கேட்டதற்கு அப்புறம் வார்த்தை நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பினாங்கில் உன்னோடு இருந்த அந்தப் 12 நாளும் காலையில் சுற்றிக்கொண்டு வந்து என்னை ஜார்ஜ் டவுனில் இறக்கிவிட்டு, அப்புறம் வேலைக்குப் பாயான் லெப்பாஸ் போனாயே, அதை அம்மாவிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். ‘அப்பா, நடக்க நடக்கத்தான் இந்த ஊர் தெரியும்’ என்றாய். சரியாகத்தான் சொன்னாய்.

முதல் நாள் ஒரே தெருவில்தான் நடந்தேன். ஒரு முனையில் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் தள்ளிச் சீனர்களின் குவான் யின் கோயில், ஊதுபத்திப் புகை தெரு வரைக்கும் வருகிறது. அப்புறம் நம் மாரியம்மன் கோயில், கோபுரம் அடுத்த தெருவான குயின் தெருவைப் பார்த்து நிற்கிறது. இன்னும் நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நம் பக்கத்திலிருந்து போன முஸ்லிம் வியாபாரிகள் எழுப்பியது. நாலும் கூப்பிடு தூரத்தில். நான் நாலுக்கும் போய்க் கும்பிட்டேன். யாருக்காக என்று உனக்குத் தெரியும்.

கடைகளுக்கு முன்னால் மேல்மாடியின் நிழலிலேயே ஓடும் நடைபாதையை அங்கே நம்மவர்கள் அஞ்சடி என்கிறார்கள். வெயிலோ மழையோ, அதற்குள்ளேயே போய்விடலாம். நடுவில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார், இன்னொருவர் பூக்கூடை வைத்திருப்பார். தெருவில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். காலை ஏழு மணிக்கு அந்த அஞ்சடியில் நின்று தேநீர் குடிப்பேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போவார்கள். பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் நீலக் கவுனும். நம் பாப்பா உயரத்தில் நிறையப் பிள்ளைகள். முதுகை மறைக்கிற பை. சனி, ஞாயிறு தவிர எல்லா நாளும் பார்த்தேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு. பிரிட்ஜில் முட்டையும் ரொட்டியும்தான் இருந்தன. அந்த நாசி கண்டார் சோறு ருசியாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். காவடி மாதிரி தோளில் கம்பு போட்டுச் சோற்றுக்கூடை சுமந்து விற்ற நம் முஸ்லிம்கள் ஆரம்பித்தது என்று அந்தக் கடையில் சொன்னார்கள். ஆனால் தினம் ராத்திரி பத்து மணிக்கு அதைத் தின்றால் வயிறு என்னத்துக்கு ஆகும்?

தாத்தாவின் கடையைத் தேடிப் போனதை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. அவருடைய நீலக் கடிதங்களில் மார்க்கெட் ஸ்ட்ரீட் என்று இருக்கும். பேச்சில் எப்போதும் கடைத் தெருதான். இப்போது பலகையில் அதையே மலாயில் லெபு பசார் என்று எழுதியிருக்கிறார்கள். கதவு எண்ணைப் பிடித்துவிட்டேன். குறுகலான முகப்பு, உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளம், நடுவில் வானம் தெரிகிற முற்றம். இப்போது அது பயணிகள் தங்கும் விடுதி. பக்கத்துத் துணிக்கடைப் பெரியவர், வாடகைக் கட்டுப்பாடு இருந்தவரை மூன்று தலைமுறையாக ஒரே குடும்பங்கள் இருந்தன, 2000-ஆம் வருஷம் பிறந்ததோடு அந்தச் சட்டம் போய்விட்டது, வாடகை ஏறியதும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள் என்றார். 2008-இல் ஊர் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின் வெளியூர்க்காரர்கள் வாங்கிப் புதுப்பிக்கிறார்களாம். சுவர் அழகாகத்தான் இருக்கிறது. நான் அந்த முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். தாத்தா 11 வருஷம் அங்கே கணக்கு எழுதினார். பாட்டி 11 வருஷம் ராஜுலா கப்பல் நாகப்பட்டினத்துக்கு வரும் நாளைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் அவர் ஒரே தடவைதான் வந்தார்.

ஆர்மேனியன் தெருவில் சுவர் ஓவியம் இருக்கிறதே, நிஜ சைக்கிளைச் சுவரோடு வைத்து, அக்கா ஓட்ட, பின்னால் தம்பி கட்டிப்பிடித்திருக்கிற மாதிரி. லிதுவேனியாக்காரர் 2012-இல் வரைந்தது என்றாய். எல்லாரும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நீ என்னை மட்டும் நிற்க வைத்து எடுத்தாய். அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பாப்பாவையும் நிற்க வைத்திருக்கலாமே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மருமகளும் பாப்பாவும் ஈப்போவில் சம்பந்தி வீட்டில் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் லீவு என்று நீ சொன்னதையே நானும் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ கெட்டிக்காரன். நம் குடும்பத்தில் முதல் இன்ஜினியர். பதினேழு வயதிலிருந்து எனக்குச் செலவு வைக்காதவன். ஆனால் எதையும் வாய்விட்டுச் சொல்லாத குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் தலைகுனிய வேண்டும்.

உனக்கு மூன்று வயதில், திருவாரூர்ப் பாட்டி கால் ஒடிந்து கிடந்ததால் அம்மா அங்கே போய் இருந்தாள் என்றுதானே உனக்குத் தெரியும்? பாட்டிக்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் சங்கிலியை அவளிடம் சொல்லாமல் அடகு வைத்தேன். கேட்டாள். ‘உன் அப்பன் வீட்டில் போய்க் கேள்’ என்று உன் அத்தைகள் எதிரில் சொன்னேன். மறுநாள் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எட்டு மாதம். திருவாரூருக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போவேன். பஸ் கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அவள் முதலில் வரட்டும் என்று ஒரு வீம்பு. கடைசியில் நான் போய் அழைத்து வரவில்லை, தம்பி. அவள்தான் வந்தாள். இதுவரை ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நீ என்னை ‘மாமா’ என்று கூப்பிட்டாய். அதைத் திருத்த இரண்டு நாள் ஆயிற்று.

இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. உன்னிடம் எதையும் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் சொல். மருமகள் எனக்கும் பெண்தான், அவள் பக்கத்துப் பேச்சையும் நான் கேட்டுக்கொள்வேன்.

கடைசி நாள் கடலோரத்தில் வெல்ட் கீ பக்கம் நடந்தேன். கடலுக்குள் கால் நட்ட மர வீடுகளைப் பார்த்துவிட்டு, பெர்ரி ஏறி பட்டர்வொர்த் வரை போய் வந்தேன். கரை இறங்கினால் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஈப்போவுக்கு நேராக ரயில் உண்டு என்று கவுன்டரில் சொன்னார்கள். மனது சரியில்லாதபோது அந்த நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டாதே. ரயிலில் போ. வேளைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ.

குட்டி இந்தியாவில் பாப்பாவுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கினேன். உன் துணி அலமாரியில் மேல்தட்டில், செய்தித்தாள் சுற்றி வைத்திருக்கிறேன். அளவு தெரியாமல் வாங்கியது. அவள் கையில் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று சொல்.

அன்புடன்,
அப்பா