கோபுரத்தடியில் எரியும் டீசல்

ஆசிரியருக்கு,

கைப்பேசிக் கோபுரங்களில் கிராமப்புறத்தில் 75 சதவீதமும் நகரத்தில் 33 சதவீதமும் 2020க்குள் கலப்பு மின்சாரத்துக்கு (மின்வாரிய இணைப்போடு சூரிய ஒளி போன்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் சேர்ந்தது) மாற வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2012இல் பணித்தது. மின்தடை நீளும் ஊர்களில் இன்றும் ஜெனரேட்டர் உறுமுகிறது.

2 கிலோவாட் கேட்கும் கோபுரத்துக்கு 15 கேவிஏ (சுமார் 12 கிலோவாட்) ஜெனரேட்டரை ஓட்டுவதே முதல் தவறு. சுமை குறைந்தால் டீசல் முழுதாக எரியாது, கரி படியும். மணிக்கு 2 லிட்டர் என்றாலும், தினம் 4 மணி நேரத்துக்கு 8 லிட்டர், சுமார் 21 கிலோ கரியமில வாயு.

அந்த 4 மணி நேரத்தை 48 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஏறத்தாழத் தாங்கும். ஈய-அமில பேட்டரியிலோ, சேமித்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் சுருங்கும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். வெயிலில் காயும் பெட்டிக்குள் அதை வைத்துவிட்டு பேட்டரி சரியில்லை என்பது நியாயமல்ல.

சூரியத் தகடு மட்டும் போதாது: 2 கிலோவாட் கோபுரம் 24 மணி நேரத்தில் கேட்கும் 48 யூனிட்டுக்குக் குறைந்தது 10 கிலோவாட் தகடு வேண்டும், அவ்வளவு இடம் பல கோபுரங்களில் இல்லை. 3 கிலோவாட்டாவது வையுங்கள். நள்ளிரவில் பயன்படுத்த ஆளில்லாத அலைவரிசைகளை அணைத்து உறங்க விடுங்கள்.

இப்படிக்கு,
தொலைத்தொடர்பு மின்பொறியாளர்கள் சிலர், திருச்சி