பரிஸில் இருக்கும் என் மகளுக்கு

அன்புப் பிள்ளைக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. பாண் கடைக்காரி முகத்தைக் காட்டினது, கந்தோரில் எல்லார் முன்னாலும் உன் வேலையில் குறை சொன்னது என்று கேட்டபிறகு எனக்கு நித்திரையும் வரவில்லை. தம்பிதான் ஒரு பகிடித் தொடரைப் போட்டுக் காட்டினான். போல் டெய்லர் என்ற இங்கிலாந்துக்காரர் பரிஸில் இருந்துகொண்டு பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் செய்தது. 2016இல் கனால் பிளஸ் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வந்தது. பெயரில் ஒரு கெட்ட வார்த்தை கிடக்கு, அதை எழுதவில்லை. ஒவ்வொன்றும் சில நிமிடம்தான், கட்டாயம் பார்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது, கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சுகிற வழக்கத்தைப் பற்றிய வீடியோ. லண்டனில் ஒரு பார்ட்டிக்குப் போனால் வாசலில் நின்று கையைத் தூக்கி 'ஹாய்' என்றால் எல்லாருக்கும் சேர்த்து முடிந்தது. பிரான்சில் ஒவ்வொருவரிடமும் போய்க் கொஞ்சவேண்டும். பரிஸில் இரண்டு, தெற்கே மொன்பெலியே பக்கம் மூன்று; எந்தக் கன்னம் முதல் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். மனிசன் கொதித்துப்போய்க் கத்துகிறார். ஆனால் வடிவாகக் கவனி: அந்த நாட்டை விட்டு அவர் ஓடவில்லை. பிரெஞ்சை அந்த ஊர்க்காரர் மாதிரியே கதைக்கிறார். அதனால்தான் பிரெஞ்சுக்காரரே விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெளியே நின்று நையாண்டி பண்ணியிருந்தால் யார் பொறுத்திருப்பார்கள்?

பாண் கடையில் நீ உள்ளே போனதும் நேரே விலை கேட்டிருப்பாய். அங்கே முதலில் 'பொன்ஜூர்' என்று வணக்கம் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் அவர்களை மதிக்கவில்லை என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போய், சுகம் விசாரிக்காமல் தேங்காய் கேட்டால் எப்படியிருக்கும்? அப்படித்தான்.

கந்தோர் விஷயம் வேறு. சித்தியின் பிள்ளைகள் பிரான்சில் பள்ளிக்கூடம் படித்ததால் எனக்குக் கொஞ்சம் தெரியும். 20க்குத்தான் புள்ளி, முழுப் புள்ளி கிடைப்பது அபூர்வம். பள்ளிக்கூடம் முடிக்கிறபோது எழுதுகிற பக்கலோரியாப் பரீட்சையில் 16 எடுத்தாலே 'மிக நன்று' என்ற தரம். எந்தக் கருத்தையும் முதலில் ஆதரித்தும் பிறகு எதிர்த்தும் கட்டுரை எழுதப் பழக்குகிறார்கள். அப்படி வளர்ந்தவர்கள் கூட்டத்தில் மறுத்துக் கதைக்கிறது உன்மேல் உள்ள கோபத்தில் இல்லை. இங்கே லண்டனில் பிடிக்காவிட்டாலும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் குறைக்கு வருவார்கள். உன் காது அதற்குப் பழகினது. நீயும் எதிர்த்துச் சொல்லு பிள்ளை, பயப்படாதே. சொன்ன கையோடு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள் என்றால் அவர்களோடு போய் ஆறுதலாக இருந்து சாப்பிடு. மேசையில் தனியே சாண்ட்விச் கடிக்கிற லண்டன் பழக்கம் அங்கே வேண்டாம்.

அடுத்த மாதம் வருகிறேன். யூரோஸ்டார் ரயிலில் இரண்டேகால் மணித்தியாலம்தானே. கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கி, தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலுக்கு நடந்தே வந்துவிடுவேன், மரக்கறியை அங்கேயே வாங்கிச் சமைப்போம். இரவைக்கு அந்தத் தொடரைச் சேர்ந்து பார்ப்போம். பிரெஞ்சு வருகிற இடங்களை நீ எனக்கு விளங்கப்படுத்து.

அன்புடன்,
அம்மா